கிளீட்டைப் பின்னால் தள்ளியதும் நின்ற வலி

ஈசிஆரில் சைக்கிளில் 40 கிலோமீட்டர் தாண்டினால் வலது கால் விரல்கள் மரத்துப்போகும், முட்டியின் உட்பக்கம் வலிக்கும். ஷூதான் சின்னது என்று நினைத்திருந்தேன்; ஷூ அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டான கிளீட்டை யோசிக்கவேயில்லை.

ஒருநாள் ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரல், சுண்டுவிரல் அடி எலும்புகளைத் தடவிப் பார்த்து ஓரத்தில் பேனாவால் குறித்தேன். பெடல் அச்சு இரண்டுக்கும் முன்னால் நின்றது! கிளீட்டைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு (மறந்தால் பழைய இடம் தெரியாது), 4 எம்எம் ஆலன் கீயால் தளர்த்தி, குறிகளுக்கு நடுவே அச்சு வரும்படி பின்னால் தள்ளினேன். மரத்துப்போவது நின்றது.

முட்டிக்கு, மேசைமேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டேன். வலது பாதம் தானாகவே வெளிப்பக்கம் திரும்பி நின்றது. நானோ அசையாத கிளீட்டில் அதை நேராகப் பூட்டி வைத்திருந்தேன். 6 டிகிரி அசையவிடும் ஷிமானோ மஞ்சள் கிளீட்டுக்கு மாறினேன். போன ஞாயிறு மாமல்லபுரம் போய் வந்தேன், முட்டி வலிக்கவேயில்லை.