உதிரி உறுப்புகளில் வில்லன் பொம்மை: கை தவறும் இடங்கள்

ஒரு பொம்மையின் உடம்பு, இன்னொன்றின் தலை, கால் உடைந்த மூன்றாவதன் வலது கை. இவற்றைச் சேர்த்துக் காமிக்ஸ் வில்லன் ஒருவனைக் கட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். கட்டிய அன்று பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகும் அவன் தோள் உதிராமல், பெயின்ட் பிசுபிசுக்காமல் நிற்கிறானா என்பதுதான் பேச்சு. புதுச்சேரி, கடலூர் கடற்கரைக் காற்றில் பாழாகும் பொம்மைகளுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்று பார்க்குமுன் பசையைத் திறந்துவிடுகிறார்கள்.

எல்லாம் பிளாஸ்டிக்தானே என்று இருப்பது

6 அங்குல ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது கை கால் மடங்கும் பாத்திரப் பொம்மை, ஒரே பொருளால் ஆனதல்ல. மார்பும் இடுப்பும் பெரும்பாலும் கெட்டியான ஏபிஎஸ். தலை, முதுகில் தொங்கும் கேப், பெல்ட் போன்றவை வளையும் பிவிசி. சில மூட்டுகளுக்குள் இருக்கும் பெக் (இரண்டு உறுப்பைப் பிணைக்கும் முளை) மெழுகு தடவினதுபோல் வழுக்கும் பிஓஎம். அதில் பசையும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் போன்ற இடங்களில் குவியலில் பொறுக்கும் மலிவு பொம்மைகளில் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் கலந்து கிடக்கும்.

பிரித்தறிய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். 200 மில்லி தண்ணீரில் உள்ளே பொள்ளல் இல்லாத சின்னத் துண்டைப் போடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை விரலால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டம்ளர் பொய் சொல்லும். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அதைப் பசையால் ஒட்டப் பார்க்காதீர்கள், திருகாணியோ கம்பியோதான் வழி. மூழ்கினால் 30 கிராம் தூள் உப்பைக் கரையுங்கள். இப்போது மேலே வந்தால் ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீன். அப்போதும் அடியிலேயே கிடந்தால் பிவிசி அல்லது பிஓஎம். வளைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கடல் தண்ணீரை மொண்டு வந்து சோதிக்கலாமே என்றால் அது போதாது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அதன் அடர்த்தி சுமார் 1.025, ஏபிஎஸ் அதைவிடக் கொஞ்சம் கனம்.

சூடு காட்டாமல் பிடுங்குவது

தலையையோ கையையோ பச்சையாக இழுத்தால் பெக் உள்ளேயே முறியும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, மூட்டுப் பகுதியை மட்டும் ஒன்றரை நிமிடம் அமிழ்த்தினால் பிவிசி இளகும். துணியால் பிடித்து, லேசாகத் திருகியபடி நேராக இழுங்கள். பக்கவாட்டில் நெம்பக் கூடாது. அடுப்பு எரியும்போதே போட்டுவைத்தால் பெக்கும் இளகி மிட்டாய் போல் நீளும். மாற்றுத் தலையைச் செருகியதும் பச்சைத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைக்க மறந்தால், கழுத்து சாய்ந்தபடியே இறுகிவிடும்.

ஃபெவிகுவிக்கை மட்டும் நம்புவது

இந்த வகைப் பசை இறுகினால் கண்ணாடி மாதிரி: நேராக இழுத்தால் தாங்கும், தட்டினால் விட்டுவிடும். வில்லன் தோளில் இரும்புக் கை, கொக்கி, பீரங்கி என்று கனமாக எதையாவது தொங்கவிடுவது வழக்கம். மேசையிலிருந்து ஒரு தடவை விழுந்தாலே அது தனியாகப் போய்விடும். ஆகவே உள்ளே கம்பி வேண்டும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தினால் கிட்டத்தட்ட 1 மி.மீ. கம்பி கிடைக்கும். இரண்டு பக்கமும் 5 மி.மீ. ஆழத்துக்கு 1 மி.மீ. துளை, துளைக்குள் இரண்டு டியூபாக வரும் அரால்டைட் பசையைச் சரிபாதி கலந்து வைத்து, 10 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவான கம்பியைச் செருகுங்கள். இரண்டு துளையும் நேருக்கு நேர் அமையவில்லை என்று பலர் இங்கேயே சோர்ந்துபோவார்கள். ஒரு பக்கம் துளையிட்டு, அதன் வாயில் ஈரப் பெயின்ட் ஒரு புள்ளி வைத்து, மறுபக்கத்தை அழுத்தி எடுத்தால் புள்ளி அங்கே பதியும். அதன்மேல் துளையிடுங்கள்.

ஃபெவிகுவிக் செய்யும் இன்னொரு வேலை வெள்ளைப் பூப்பு. பசையிலிருந்து எழும் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து, சுற்றிலும் சாம்பல் தூவினதுபோல் படியும். வில்லன் பெரும்பாலும் கறுப்பு என்பதால் மறைக்கவும் முடியாது. குண்டூசி முனையில் எடுத்து வையுங்கள், மெல்லிய காற்றோட்டம் இருக்கட்டும், பெயின்ட்டை அதற்குப் பிறகு அடியுங்கள்.

பருத்தித் துணியில் கேப் தைத்து அதை ஃபெவிகுவிக்கால் ஒட்டுவது வெறும் தவறு அல்ல, ஆபத்து. இந்தப் பசை பஞ்சிலும் பருத்தியிலும் பட்டால் சூடேறிப் புகையும், விரல் பொத்துப்போகும். துணிக்கு ஃபெவிகால் போதும். அதையே கொஞ்சம் தண்ணீர் விட்டு ஓரத்தில் தடவினால் நூல் பிரியாது.

ஆடும் பந்து மூட்டை இறுக்க ஃபெவிகுவிக்கே உதவும். பந்தை வெளியே எடுத்து, மெல்லிய பூச்சு கொடுத்து, ஒரு மணி நேரம் காயவிட்ட பிறகே குழிக்குள் மாட்டவேண்டும். ஈரத்தோடு மாட்டினால் அந்தக் கை ஆயுசுக்கும் சல்யூட் அடித்தபடியே நிற்கும்.

எம்-சீலை அப்புவது

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், பிசைந்து ஒட்டும் எம்-சீல் கொம்பு, தோள் கவசம், தாடை எல்லாவற்றுக்கும் ஆகும். இரண்டு கட்டியும் சரிசமமாக, நிறத்தில் கோடே தெரியாதவரை பிசையவேண்டும். கண்ணளவில் கிள்ளிப் போட்டால் ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் களிமண். கையுறை போடுங்கள், தண்ணீர் தொட்ட விரலால் வழித்தால் மேற்பரப்பு சீராகும். ஒரு நாள் முழுக்க இறுகவிட்டுத்தான் உப்புத்தாள் போடவேண்டும்.

வழவழப்பான பிவிசி மேல் அப்படியே வைத்தால், கை மடங்கும்போது ஓடு மாதிரி உரிந்து வரும். முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி அச்சில் வார்த்தபோது ஒட்டிய எண்ணெயைப் போக்குங்கள். பிறகு 220 நம்பர் உப்புத்தாளால் கீறி, நாலைந்து இடத்தில் சின்னத் துளை போடுங்கள், எம்-சீல் உள்ளே இறங்கிப் பிடிக்கும். மடங்கும் இடத்தில் அதை வைக்கவே வேண்டாம். கவசம் பெரிதென்றால் ஸ்டேஷனரி கடையில் விற்கும் 2 மி.மீ. ஃபோம் ஷீட்டை வெட்டி வளைப்பதே மேல். எம்-சீல் கனத்தில் பொம்மை குப்புற விழும்.

அளவு பொருந்தாத உறுப்புகள்

6 அங்குலப் பொம்மை நிஜ ஆளில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு (1:12), 3.75 அங்குலம் பதினெட்டில் ஒரு பங்கு (1:18). உடம்பு பெருத்து தலை சிறுத்தால் அடியாள் வில்லனுக்கு அது அழகாகவே அமையும். உள்ளங்கை சிறுத்தால் மட்டும் எந்த வில்லனும் தேறமாட்டான். தோராயக் கணக்கு ஒன்று: விரித்த உள்ளங்கை, தாடையிலிருந்து நெற்றிவரை முகத்தை மூடவேண்டும்.

பெயின்ட்டுக்கு முன் பொம்மையை டார்ச் வெளிச்சத்தில் நிறுத்திச் சுவரில் நிழலைப் பாருங்கள். இந்தப் பக்கத் தெருக்கூத்தில் துரியோதனன் கட்டை வேஷம் கட்டி வரும்போது கிரீடமும் புஜக்கட்டையுமாக அந்த அகலமே ஆளைச் சொல்லிவிடும். அரிதாரம் கண்ணில் படுவது பிறகுதான். நிழலில் வில்லன் தெரியாவிட்டால் நிறத்தில் தெரியமாட்டான்.

கேட்டுக்கு அடித்த மிச்ச பெயின்ட்

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கே. பண்ருட்டி மண் பொம்மை பெயின்ட்டை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பிவிசி உறிஞ்சாது, அதை வளையவைக்க அதற்குள் கலந்திருக்கும் இளக்கி எண்ணெய்தான் வெளியே கசியும். அது கேட்டுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட்டோடு கலந்தால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும், தொட்டால் கைரேகை பதியும். உலர்த்த வெயிலில் வைத்தால் இன்னும் மோசம். பிவிசிக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தான். பால் பதத்துக்கு நீர்க்கவிட்டு, மூன்று மெல்லிய கோட். ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை மணி நேரமாவது விடுங்கள். அடிப்பூச்சாக எந்த ஸ்ப்ரே பிரைமரானாலும் முதலில் பாதத்தின் அடியில் அடித்து, இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பாருங்கள். பழைய பெயின்ட்டை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடாதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும்.

மூட்டு உரசும் இடத்தில் 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி செய்துகொள்ளவேண்டும். இல்லாவிட்டால் நாலு தடவை முழங்கை மடக்குவதற்குள் பெயின்ட் சுரண்டி வந்துவிடும். முழுக்கக் கறுப்பு அடிப்பதும் வேண்டாம், செதுக்கின மடிப்பெல்லாம் செத்துப்போகும். அடர்சாம்பலோ கருநீலமோ அடித்து, பள்ளத்தில் மட்டும் கறுப்பை ஓடவிடுங்கள். பழைய அமெரிக்கக் காமிக்ஸில் நாயகனுக்குச் சிவப்பும் நீலமும் போனால் வில்லனுக்கு ஊதாவும் பச்சையும் வருவது வழக்கம். அந்த ஜோடி இன்றைக்கும் எடுபடுகிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்ப்ரே டின்னைத் தொடாமல் இருப்பது நல்லது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், ஈரம் அதில் படிந்து பால் பூத்ததுபோல் வெளுக்கும். அடித்தே ஆகவேண்டும் என்றால் மழை விட்ட நாளில், காலை 11 மணிக்கு மேல், 20 செ.மீ. தள்ளி நின்று, மாஸ்க் போட்டு.

டப்பாவில் அடைப்பது

முடித்த பொம்மையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் போட்டால், வெக்கையில் இளக்கி வெளியேறி மேலெல்லாம் பசை மாதிரி ஆகும். தெர்மாகோலில் படுக்கவைத்தால் அந்த எண்ணெய் தெர்மாகோலை அரித்து, பொம்மையின் முதுகில் கட்டியாக ஒட்டும். உதிரித் தலைகளையும் கைகளையும்கூடப் பருத்தித் துணியிலோ வெள்ளைத் தாளிலோ சுற்றி, மூடியில் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். பெயின்ட் அடிக்காத துண்டு பிசுபிசுத்துவிட்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் ஃபேனுக்கு எதிரே ஒரு இரவு வைத்தால் போதும்.