கார்டு, ஆட்டோகிராஃப் கண்காட்சி: கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் விளையாட்டு கார்டும் ஆட்டக்காரர் கையெழுத்தும் சேகரிப்பவருக்குக் கண்காட்சி என்றால் பெரும்பாலும் பெங்களூருதான். அதற்கடுத்து சேலம், சென்னை. அமெரிக்காவில் 1980-இல் தொடங்கிய 'நேஷனல்' என்ற சேகரிப்பாளர் கண்காட்சி மாதிரி அரங்கம் முழுக்க விளையாட்டு கார்டாகவே குவிந்திருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே நாணயம், தபால்தலை, பழைய நோட்டு விற்கும் டேபிள்களுக்கு நடுவே கார்டும் கையெழுத்தும் அங்கங்கே கிடக்கும். ஒருவர் கிரிக்கெட் அட்டாக்ஸ் கார்டுகளை ஷூ பெட்டியில் நிறுத்தி வைத்திருப்பார். இன்னொருவர் நாணய ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்ட முதல் நாள் உறையை (தபால்தலை வெளியான நாளில் முத்திரை குத்திய உறை) செருகி வைத்திருப்பார். கேட்காவிட்டால் அது வெளியே வராது. "ஆட்டோகிராஃப் ஏதாவது இருக்குதுங்களா?" என்று நாணயக்காரரிடமும் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்: ஆட்டக்காரர் பெயருக்குப் பாதி விலை, பொருளின் நிலைக்குப் பாதி விலை. பெயரைப் பார்த்ததும் கை பாக்கெட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பையில் போட வேண்டியவை

கார்டின் வழக்கமான அளவு 2.5க்கு 3.5 அங்குலம். அதற்கு மெல்லிய பிளாஸ்டிக் ஸ்லீவ் நூறு, டாப்லோடர் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் உறை இருபத்தைந்து எடுத்தால் ஒரு நாளைக்குப் போதும். கார்டு முதலில் ஸ்லீவுக்குள், ஸ்லீவோடு டாப்லோடருக்குள். வெறும் கார்டை டாப்லோடரில் தள்ளினால் மேற்பரப்பில் கீறல் விழும். ஸ்லீவின் வாயில் ஒரு ஓரத்தைக் கத்திரியால் சின்னதாகச் சாய்த்து வெட்டிவிட்டால், நுழைக்கும்போது கார்டின் மூலை இடிக்காது.

டாப்லோடரில் 35, 75, 130 என்று எண் போட்டிருக்கும். எவ்வளவு தடிமனான கார்டுக்கு என்பதை பாயின்ட் கணக்கில் சொல்வது அது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு பாயின்ட். சாதாரண கார்டுக்கு 35. ஜெர்சித் துணி பதித்த தடிமனான கார்டுக்கு 130 வரை, அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல், தேவைப்படும். தடிமனான கார்டை 35-இல் திணித்தால் ஓரம் நசுங்கும். மெல்லியதை 130-இல் போட்டால் பஸ் குலுங்கும் போதெல்லாம் உள்ளே ஆடி மூலை தேயும்.

வாயை ஒட்ட செல்லோடேப் வேண்டாம். பசை இளகிக் கார்டுக்கு வரும். பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் போதும், நுனியை மடித்து விட்டால் உரிக்கவும் சுலபம். ரப்பர் பேண்டு பக்கமே போக வேண்டாம்.

இவற்றோடு 10 மடங்கு லென்ஸ் ஒன்று, ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று, மில்லிமீட்டர் ஸ்கேல், ஏ4 அட்டை ஃபைல், எழுதச் சின்ன நோட்டுப் புத்தகம். கூட்டத்தில் செல்போன் சிக்னல் திணறி, பணம் போனதா இல்லையா என்று இரண்டு பேரும் முழித்துக்கொண்டு நிற்க நேரும். அதனால் வாங்க நினைக்கும் தொகையில் பாதியாவது ரொக்கமாக இருக்கட்டும், அதிலும் நூறும் ஐந்நூறுமாக.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: தேடும் கார்டு, ஏற்கெனவே இருப்பது, அதிகபட்ச விலை. விலையை இணையத்தில் 'விற்பனைக்கு' என்று போட்டிருக்கும் தொகையிலிருந்து எடுக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் லட்சம் என்று போடலாம். விற்று முடிந்த விலையை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்து, கடைசி நாலைந்து விற்பனையின் சராசரியை எழுதுங்கள்.

போகிற வழி

கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டியதும் நெரிசல் தொடங்கும். 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திராவுக்கு மெட்ரோவின் மஞ்சள் தடம் ஓடுகிறது. பஸ் அங்கே நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டு இறங்கி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் நகருக்குள் போய்விடலாம். தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழி ரயில் உண்டு. கார்டுப் பையை டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடி மேல் வைக்காதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் வளையும். மாம்பழக் காலமாக இருந்தால் வழியில் தின்ற கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போங்கள்.

முதல் சுற்றில் பணம் எடுக்காதீர்கள்

கதவு திறந்த முதல் அரை மணி நேரம் அரங்கத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எந்த டேபிளில் என்ன, என்ன விலை சொல்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கார்டு மூன்று டேபிளில் மூன்று விலைக்கு இருப்பது சர்வ சாதாரணம். விதிவிலக்கு, பல காலம் தேடிய ஒரே பொருள் நியாயமான விலையில் கண்ணில் பட்டால். அதற்குச் சுற்று முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கார்டைத் தொடுமுன் கேளுங்கள். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். கடைக்காரர் இன்னொருவரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கும் பொருளுக்கு இடையில் புகுந்து விலை சொல்வது மரியாதை இல்லை. அடுத்த தடவை அந்த டேபிளில் உங்களுக்கு நல்ல சரக்கு வெளியே வராது.

கார்டைப் பார்க்கும் முறை

விளக்குக்கு நேரே கார்டைச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத மடிப்பும் கீறலும் சாய்வில் தெரியும். அடுத்து நாலு மூலை. லென்ஸில் வெள்ளை நார் தெரிந்தால் தேய்ந்த மூலை. பிறகு நாலு விளிம்பு. கறுப்பு ஓரமுள்ள கார்டில் வெள்ளை தெரியாமல் இருக்க மார்க்கர் தடவியிருப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் மை அட்டையின் உள்ளே ஊறியிருப்பது தெரியும்.

மூலைகள் சந்தேகப்படும் அளவுக்குக் கூராக இருந்தால் ஸ்கேலை வையுங்கள். 63.5க்கு 88.9 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர் குறைந்தால், தேய்ந்த ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். படம் நடுவில் இருக்கிறதா என்பதற்கும் விலை உண்டு. இடது வலது ஓரங்கள் 55க்கு 45 என்ற விகிதத்தைத் தாண்டினால், கார்டின் நிலைக்கு நிறுவனங்கள் மதிப்பெண் போடும் கிரேடிங்கில் பத்துக்குப் பத்து எதிர்பார்க்க வேண்டாம்.

கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஜெர்சித் துணி வைத்த கார்டில் 'ஆட்டத்தில் அணிந்தது' என்று இருக்கலாம், 'எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தோடும் தொடர்பில்லை' என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். 12/99 என்று எண் இருந்தால் மொத்தம் 99 அச்சடித்ததில் இது 12-வது. கையெழுத்து கார்டின் மேலேயே போட்டதா, ஸ்டிக்கரில் போட்டு ஒட்டியதா என்றும் பாருங்கள். நேராகப் போட்டதற்குத்தான் மதிப்பு அதிகம்.

சிகரெட் பெட்டியோடு வந்த பழைய கிரிக்கெட் கார்டுகளும் இந்த டேபிள்களில் தலைகாட்டும். ஜான் பிளேயர் நிறுவனம் 1934, 1938 ஆண்டுகளில் ஐம்பது ஐம்பதாக வெளியிட்ட வரிசைகள் பெயர்பெற்றவை. இவற்றுக்கு மறு அச்சுகளும் உண்டு. இங்கேதான் புற ஊதா டார்ச் வேலைக்கு வரும். காகிதத்தை வெளுக்கச் செய்யும் ஒளிர் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது. டார்ச் அடித்ததும், சோப்புத்தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை மாதிரி நீலமாகப் பளிச்சிட்டால் அது 1938 காகிதம் அல்ல. ஆனால் பளிச்சிடாததாலேயே அசல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, பழைய வெற்றுக் காகிதத்தில் அச்சடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் கூட்டுக்குள் கிரேடு போட்டு வரும் கார்டென்றால், லேபிளில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போடுங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது. போலிக்காரர்கள் உண்மையான எண்ணைத்தான் நகல் எடுக்கிறார்கள். அங்கே படம் இருந்தால் கையில் உள்ள கார்டின் புள்ளி, ஓரம் எல்லாம் அதோடு பொருந்த வேண்டும். கூட்டின் விளிம்பில் பிரித்து ஒட்டிய தடமும் இருக்கக் கூடாது.

பிரிக்காத கார்டு பாக்கெட்டை மட்டும் உதிரியாக வாங்காதீர்கள். தடித்த கார்டு உள்ள பாக்கெட்டை எடை போட்டே கண்டுபிடித்து எடுத்துவிட முடியும், டேபிளுக்கு வருவது மிச்சம்தான்.

கையெழுத்து: ஏமாற்று அதிகமுள்ள இடம்

முதலில் லென்ஸ். கோடு புள்ளி புள்ளியாகப் பிரிந்தால் அது அச்சு. கடைகளில் விற்கும் பல பேட்டுகளில் வருவது இந்த அச்சுக் கையெழுத்துதான். ரப்பர் முத்திரையாக இருந்தால் கோட்டின் ஓரங்களில் மை திரண்டு நடுவில் வெளிறியிருக்கும். இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருப்பதும் தெரியாது.

இயந்திரம் பேனாவைப் பிடித்துப் போடும் கையெழுத்தில் மை உண்மைதான். ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன், தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அழுத்தமான புள்ளி. அதே ஆட்டக்காரரின் இன்னொரு கையெழுத்தோடு அச்சு அசலாகப் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். ஒரே மனிதர் இரண்டு தடவை ஒரே மாதிரி போட மாட்டார்.

அசலைப் பார்த்து ஒருவர் கையால் எழுதிய போலி மெதுவாக எழுதப்பட்டிருக்கும். நடுக்கம், பேனா நின்று யோசித்த இடத்தில் மைத் திட்டு, முனை மழுங்கிய முடிவு. ஆயிரக்கணக்கில் போட்டுப் பழகிய கை வேகமாக ஓடி, வால் மெலிந்து முடியும்.

அடுத்து காலக் கணக்கு, இதற்கு லென்ஸ்கூட வேண்டாம். பழைய கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி 1933-இல் காலமானார். பால்பாயின்ட் பேனா கடைக்கு வந்தது 1940களில், ஷார்பி மார்க்கர் 1964-இல். அவர் படத்தில் மார்க்கர் கையெழுத்து இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. டெண்டுல்கர் தபால்தலை 2013 நவம்பர் 14 அன்று வெளியானது. அதன் முதல் நாள் உறையில் இருக்கும் கையெழுத்து அவர் அந்தக் காலகட்டத்தில் போட்ட வடிவத்தோடு ஒத்திருக்க வேண்டும், பள்ளிப் பையனாக இருந்தபோது போட்ட வடிவத்தோடு அல்ல.

சான்றிதழைப் பார்த்து மயங்க வேண்டாம். விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ் கல்யாணப் பத்திரிகை மாதிரி, பளபளப்புக்குக் குறைவிருக்காது. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற தனி நிறுவனங்களின் ஸ்டிக்கர் எண்ணைத் தளத்தில் சரிபார்க்கலாம். அது இல்லையென்றால் எங்கே, எப்போது, யார் வாங்கியது என்ற கதையையும், முடிந்தால் கையெழுத்திடும்போது எடுத்த படத்தையும் கேளுங்கள்.

ஆட்டக்காரரே வந்து கையெழுத்திடும் நிகழ்ச்சியென்றால்

டோக்கன் வாங்கும்போதே எத்தனை பொருள், பேட்டுக்குத் தனிக் கட்டணமா, பெயரெழுதித் தருவாரா என்று கேட்டுவிடுங்கள். 'அன்புடன் முருகனுக்கு' என்று எழுதி வாங்கினால் அதை விற்கும்போது இன்னொரு முருகனைத்தான் தேட வேண்டும். வைத்துக்கொள்ளத்தான் என்றால் தாராளமாக எழுதச் சொல்லுங்கள்.

பேனாவை நீங்களே கொண்டுபோங்கள். வெளிர் படத்துக்கு நீல மார்க்கர், கறுத்த படத்துக்கு வெள்ளி நிற பெயின்ட் பேனா. பெயின்ட் பேனாவை முன்பே குலுக்கி வேறு தாளில் எழுதிப் பார்க்காவிட்டால் முதல் எழுத்திலேயே சொட்டும். பளபளப்பான கார்டில் மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். அதற்கு முந்தைய இரவே கையெழுத்து விழும் இடத்தை மிருதுவான ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்து வையுங்கள். பேட்டுக்கு எண்ணெய் போட்டிருக்கக் கூடாது, மை பரவும். வெள்ளைப் பந்தில் மார்க்கர் நாளாக ஆகக் கசியும், பால்பாயின்ட் நிற்கும். முடிந்ததும் ஐந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு ஸ்லீவில் போடுங்கள்.

பேரம்

ஒரு கார்டுக்குப் பேரம் பேசுவதைவிட ஐந்தாறை ஒன்றாக எடுத்து வைத்து மொத்த விலை கேட்டால் குறையும். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கன்னடமும் தெலுங்கும் கொஞ்சம் வரும், "லாஸ்ட் எஷ்டு?" (கடைசி விலை எவ்வளவு?) என்று கன்னடத்தில் கேட்டால் கடைக்காரர் முகம் மலரும். அவர் உங்கள் விலைக்கு ஒத்துக்கொண்ட பிறகு பின்வாங்காதீர்கள். நீங்கள் விற்பதானால் சந்தை விலையில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் கிடைக்கும். அவருக்கும் டேபிள் வாடகை இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

லேமினேஷன் கடைக்குப் போகாதீர்கள். நம் ஊரில் மதிப்பான காகிதம் கிடைத்தால் முதலில் தோன்றுவது அதுதான். சூடும் பசையும் சேர்ந்து கையெழுத்தைக் காகிதத்தோடு சமாதி கட்டிவிடும். பிரிக்கவும் முடியாது, வாங்கவும் ஆள் வர மாட்டார். ஆல்பம் உறை பி.வி.சி. வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் கேட்டு வாங்குங்கள். பீரோவில் பாச்சை உருண்டை இருக்கும் தட்டில் வைக்கக் கூடாது, அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரண் கோடையில் அடுப்பு. கையெழுத்தைச் சுவரில் மாட்டினால் வெயில் படாத சுவராகப் பாருங்கள், மார்க்கர் மை வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும்.

கண்காட்சி இரண்டு மூன்று நாள் நடந்தால் கடைசி நாள் சாயங்காலம் விலை இறங்கும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. உதிரி கார்டுகளுக்கு அது சரி. விலையுயர்ந்த கையெழுத்து வாங்குவதானால் சனிக்கிழமையே போய்விடுங்கள். ரசீதில் பொருளின் விவரம், விலை, கடைக்காரர் பெயர், செல்போன் எண் எழுதி வாங்குங்கள். அன்றிரவு வீட்டில் நிதானமாக லென்ஸையும் டார்ச்சையும் வைத்து மறுபடி பாருங்கள். ஏதாவது இடித்தால், ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினால் டேபிளைப் பிரிப்பதற்குள் அவரைப் பிடித்துவிடலாம்.