கார் ஏசிக்கு வீட்லயே கேஸ் ஃபில் பண்ணப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஏசி கூலிங் கொஞ்சம் குறைஞ்சாலே "கேஸ் தீந்திருக்கும்"னு சொல்லிடுறோம், தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுது. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட செலவாகுற பொருள் இல்லங்க. அதே கேஸ்தான் கம்ப்ரசர்ல அழுத்தமாகி, கண்டென்சர்ல லிக்விடா மாறி, கூலிங் காயில்ல மறுபடி ஆவியாகி, திரும்ப கம்ப்ரசருக்கே வந்து சேருது. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ வெளிய போயிருக்குன்னு அர்த்தம். ரப்பர் ஹோஸ், சீல் வழியா வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கசியறது சகஜம்தான், ஆனா போன வருஷம் ஃபில் பண்ணி இந்த வருஷம் காலின்னா அது லீக், அத அடைக்காம மேல மேல கேஸ் விடுறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான்.

அதுக்கும் முன்னாடி ஒரு தப்பு இருக்கு, கேஸ் உண்மையிலயே குறைஞ்சிருக்கான்னு பாக்காமலே கேன் வாங்கிடுறது. இத நானே பண்ணிருக்கேன். வண்டி ஓடும்போது ஜில்லுனு இருக்கும், நின்னா சூடு காத்து. கேஸ் கம்மின்னு நானா முடிவு பண்ணி பாதி கேன் விட்டேன், அதுக்கப்புறம் கம்ப்ரசர் ஓடுறதும் கட் ஆகுறதுமா இன்னும் மோசமாச்சு. கடைசில பாத்தா கண்டென்சர் ஃபேன் சுத்தவே இல்ல, ஃபேனுக்கு கரன்ட் விடுற சுவிட்ச், அதான் ரிலே, போயிருக்கு. வண்டி ஓடுறப்ப எதிர்க்காத்து கண்டென்சர ஆத்துது, நின்னா ஆத்துறதுக்கு ஆளில்ல, பிரஷர் ஏறி கம்ப்ரசர் கட் ஆகுது, அவ்ளோதான் விஷயம். சின்ன ரிலே மாத்த வேண்டிய இடத்துல, கூடுதலா விட்ட கேஸ மெஷின் வச்சு வெளிய எடுக்குற வேலையும் சேந்துக்கிச்சு. அதனால மொதல்ல ஃபேன், ஃபியூஸ், கேபின் ஃபில்டர், கண்டென்சர் மேல படிஞ்ச குப்பை இதெல்லாம் பாருங்க. கம்ப்ரசர இஞ்சின் பெல்ட்டோட சேத்து விடுற கிளட்ச் "டக்"னு ஒட்டி நாலஞ்சு செகண்ட்ல விட்டு மறுபடி ஒட்டுதுன்னா கேஸ் கம்மியா இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா மேல சொன்ன மாதிரி ஹை பிரஷர்லயும் கட் ஆகும், அதனால பிரஷர் பாக்குற கேஜ் போடாம முடிவு பண்ணக்கூடாது.

லீக் எங்கன்னு கண்டுபிடிக்க நல்லா டார்ச் அடிச்சு பைப் ஜாயின்ட் ஒவ்வொண்ணா பாருங்க. கேஸோட கம்ப்ரசர் ஆயிலும் சேந்துதான் சுத்தும், அதனால கேஸ் கசியுற இடத்துல ஆயிலும் லேசா கசிஞ்சு, அது மேல தூசி ஒட்டி கருப்பா பிசுபிசுன்னு ஒரு வளையம் மாதிரி நிக்கும். அங்க சோப்புத் தண்ணி தடவுனா நுரை மெதுவா ஊதிக்கிட்டு வரும். இஞ்சின ஆஃப் பண்ணிட்டு பண்ணுங்க, பெல்ட்டும் ஃபேனும் பக்கத்துலயே இருக்கு.

அடுத்தது கேஸ் மாறிப் போறது. பானட்ட தூக்குனா உள்ள ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எந்த கேஸ், எத்தனை கிராம்னு அதுலயே போட்டிருக்கும். 1990கள் வரைக்கும் வந்த பழைய வண்டிங்கள்ல ஆர்-12, அப்புறம் ஆர்-134ஏ, இப்ப வர்ற நிறைய வண்டில ஆர்-1234ஒய்எஃப். ஒண்ணோட இன்னொண்ண கலக்கவே கூடாது. போர்ட்டோட சைஸையே வேற வேறயா வச்சிருக்காங்க, மாறிடக் கூடாதுன்னுதான், அதுக்கு அடாப்டர் வாங்கி மாட்டுறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம். எல்பிஜி மாதிரி எரியற கேஸ விலை கம்மின்னு உள்ள விடுறது இதெல்லாத்தையும் விட ஆபத்து, கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள்ள இருக்கு, அங்க லீக் ஆனா நீங்க உக்காந்திருக்கிற இடத்துக்கே வரும்.

கேன மாட்டுறது லோ சைட்ல மட்டும்தான். கூலிங் காயில்லேந்து கம்ப்ரசருக்குப் போற தடியான பைப்புல இருக்கும், மூடில எல்-னு போட்டிருக்கும், ஏசி ஓடுனா அந்தப் பைப் கைக்கு ஜில்லுனு வேர்த்திருக்கும். ஒல்லியான பைப்புல இருக்கிற எச் போர்ட்டுல, இஞ்சின் ஓடும்போது 200 பிஎஸ்ஐக்கு மேல கூட போகும், அதுல கேன மாட்டுனா கேஸ் உள்ள போகாது, உள்ள இருக்கறது கேனுக்குள்ள திரும்பி வந்து கேனே வெடிக்கலாம்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற விஷயத்துக்கு வரேன், கேன் கூட வர்ற கேஜ்ல பச்சைக் கோட்டுக்கு முள்ளு வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நம்புறது. மொதல்ல, இஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது அந்த முள்ளுக்கு அர்த்தமே வேற. ஆர்-134ஏ சிஸ்டம்ல வெளிய 30 டிகிரி இருந்தா, ஆஃப்ல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 95 பிஎஸ்ஐ காட்டும், உள்ள 200 கிராம் இருந்தாலும் சரி 500 கிராம் இருந்தாலும் சரி, கொஞ்சம் லிக்விட் மிச்சம் இருக்கிற வரைக்கும் அதே நம்பர்தான், ஏன்னா அது அளவ காட்டல, வெப்பத்த காட்டுது. ஏசி ஃபுல்லா ஓடும்போது லோ சைட் சுமார் 25லேந்து 45 பிஎஸ்ஐ இருக்கணும்னு சொல்லுவாங்க, அதுவும் வெயிலுக்கு ஏத்த மாதிரி மாறும், அதுலயும் வேரியபிள் கம்ப்ரசர், அதாவது தேவைக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சு ஓடுற கம்ப்ரசர், இருக்கிற வண்டின்னா லோ சைட் பிரஷர அதுவே ஒரே அளவுல புடிச்சு வச்சுக்கும், கேஸ் கூடினாலும் முள்ளு பெருசா அசையாது, நீங்க இன்னும் போதலன்னு விட்டுக்கிட்டே இருப்பீங்க. சரியான கணக்கு எடைதான். சின்ன கார்ல மொத்தமே 400, 500 கிராம்தான் புடிக்கும், ஒரு கேன்லயே 340 கிராம் வருது, ரெண்டாவது கேன யோசிக்காம திறந்தா என்னாகும்னு நீங்களே பாத்துக்கோங்க. கேஸ் அதிகமானா கண்டென்சர்ல இடமில்லாம ஹை பிரஷர் ஏறி கூலிங் குறையும், லிக்விட் கம்ப்ரசருக்குள்ள போனா கம்ப்ரசரே போயிடும். லிக்விட அழுத்த முடியாதுங்க, வால்வு உடையும்.

அதே காரணத்துக்காகத்தான் இஞ்சின் ஓடும்போது கேன தலைகீழா புடிக்காதீங்கன்னு சொல்றது. நேரா புடிச்சா ஆவி போகும், கவுத்தா லிக்விட் போகும். கேன் ஜில்லுனு ஆகி கேஸ் மெதுவா போகுதுன்னு கொதிக்கற தண்ணில போடுறவங்க இருக்காங்க, கேன் மேலயே 50 டிகிரிக்கு மேல வேண்டாம்னு எழுதியிருக்கும், கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணி போதும்.

சிஸ்டம் மொத்தமும் காலியாகி காத்து உள்ள போயிருந்தா, நேரா கேஸ் விட்டு பிரயோஜனமே இல்ல. காத்து கண்டென்சர்ல லிக்விட் ஆகாது, பிரஷர மட்டும் ஏத்தும். அதோட வர்ற ஈரம், கூலிங் காயிலுக்கு லிக்விட கொஞ்சம் கொஞ்சமா விடுற எக்ஸ்பான்ஷன் வால்வுல ஐஸா உறையும், ஆயிலோட சேந்து ஆசிடாவும் மாறும். வேக்கம் பம்ப் போட்டு 30, 45 நிமிஷம் இழுத்துட்டு, வால்வ மூடி கொஞ்ச நேரம் முள்ளு ஏறுதான்னு பாக்கணும். ஏறுனா இன்னும் லீக் இருக்கு. பம்ப் இல்லன்னா இந்த வேலைய வீட்ல தொடாதீங்க. டாப்-அப் பண்றவங்க கூட ஹோஸ்ல இருக்கிற காத்த ஒரு செகண்ட் வெளிய விட்டுட்டுதான் மாட்டணும்.

லீக் அடைக்கிற சீலர் கலந்த கேன நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், சின்ன ஓட்டைய அடைக்குதோ இல்லயோ எக்ஸ்பான்ஷன் வால்வயும் அடைச்சிடும், அப்புறம் கேஸ வெளிய எடுக்குற ரிகவரி மெஷின்ல போட மாட்டேன்னு மெக்கானிக்கும் கைவிரிச்சிடுவார். ஆயில் கலந்த கேனும் அப்படித்தான், எவ்ளோ ஆயில் ஏற்கனவே இருக்குன்னு தெரியாம சேர்க்காதீங்க. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டி வச்சிருக்கவங்க இந்த வேலைலேந்து ஒதுங்கிடுறதே நல்லது, அதுல கம்ப்ரசருக்கு ஹை வோல்டேஜ் கரன்ட் வருது, பெரும்பாலும் பிஓஇ ஆயில்தான் போடணும், சாதாரண பிஏஜி ஆயில் கலந்தா இன்சுலேஷனே கெட்டுப்போகும்.

கையுறையும் கண்ணாடியும் கண்டிப்பா போடுங்க, ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரிலயே கொதிக்கும், லிக்விடா தோல் மேல பட்டா உறைஞ்சு புண்ணாயிடும், கண்ணுன்னா கேக்கவே வேணாம். காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க. பழைய கேஸ வேணும்னே வெளிய திறந்து விடாதீங்க, பல நாடுகள்ல அது சட்டப்படியே தப்பு, ஆர்-134ஏ ஒரு கிலோ சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமா பூமிய சூடாக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் போர்ட் மூடிய மறக்காம மாட்டுங்க. உள்ள இருக்கிற வால்வு சின்னது, லேசா கசியும், மூடிக்குள்ள இருக்கிற ரப்பர் வளையம்தான் அத தடுக்குது. மூடி தொலைஞ்சு போயிருந்தா இன்னொண்ணு வாங்கி மாட்டிடுங்க, நீங்க தேடிக்கிட்டு இருந்த லீக்கே அதுவாகூட இருக்கலாம்.