ஒரு மீட்டர் குழாயும் நிழலில்லா நாளும்: வேலூர் வட்டாரப் பள்ளிகளுக்கு

ஆய்வகம் இல்லாத ஒன்றியப் பள்ளியிலும் வெயில் இருக்கிறது. வேலூரில் அதற்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. ஒரு மீட்டர் குழாயை முற்றத்தில் நிறுத்தினால் திசை, கோணம், பருவகாலம், பூமியின் சுற்றளவு வரை அதை வைத்தே பாடம் நடத்தலாம்.

வேலூர் ஏறத்தாழ 12.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் ஆண்டில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, அந்த நண்பகலில் நிமிர்ந்த குழாய்க்கு நிழலே விழாது; அதுதான் நிழலில்லா நாள்: ஏப்ரல் 24 ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 18 அல்லது 19இல் இன்னொன்று. ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கே வரும், ஆகவே பள்ளிக்கு ஏற்றது ஆகஸ்ட்தான். ஒரு நாள் முன்பின் ஆனாலும் கெட்டுப்போகாது. நிழல் 1 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். தெற்கே தள்ளியிருக்கும் காவலூர்ப் பக்கத்துப் பள்ளிகள் ஒரு நாள் பின்னே வைத்துக்கொள்ளலாம்.

குழாய்க்கு அரை அங்குல பிவிசி போதும். கடையில் மிச்சத்துண்டாகவே கிடைக்கும். சவுக்குக் கம்பு வேண்டாம், கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் நடுவில் வளைந்திருக்கும். பழைய பெயின்ட் வாளியில் குழாயை நிறுத்திச் சிமென்ட் கலவை ஊற்றுங்கள். வாளியின் விளிம்பு நிழல் முனையை மறைக்காமலிருக்க, வாளியை முற்றத்து மண்ணில் வாய்மட்டம் வரை புதைத்துவிடுங்கள். தரைக்கு மேல் தெரியும் உயரம் சரியாக 100 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அப்போது நிழல் 23 சென்டிமீட்டர் என்றால் உயரத்தில் 0.23 பங்கு என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

கலவை இறுகுவதற்குள் தூக்குக்குண்டு பிடித்து இரண்டு பக்கமிருந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மறுபக்கச் சாய்வு தெரியாது. ஒரு பாகை சாய்ந்தாலே நிழல் முனை 1.7 சென்டிமீட்டர் தள்ளிவிடும். தரையும் அதே அளவு முக்கியம். சிமென்ட் முற்றங்களில் மழைநீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டிருப்பார்கள், ஆகவே மண்தரையே நல்லது. ஊரில் கொத்தனார் யாராவது இருப்பார். ரசமட்டத்தை ஒரு மணி நேரம் இரவல் கேளுங்கள். கொடிக்கம்பத்தையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். அதன் அடியிலுள்ள படிமேடை நிழலை மடித்துவிடும், அளவெடுக்க உதவாது.

முதல் வேலை திசை. குழாயை மையமாக வைத்து நூலும் ஆணியும் கொண்டு 50 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். ஆகஸ்ட் நடுவில் நிழல் முனை காலை பத்தரை வாக்கில் வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும், பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின் தொட்டு வெளியேறும். இரண்டு இடத்திலும் சிறு ஆணி அடித்துச் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாக வரைவது தெற்கு வடக்கு. சங்க காலத்தில் மனை வகுத்தவர்களும் கோல் நட்டு நிழல் பார்த்தே திசை குறித்தார்கள். கைப்பேசித் திசைகாட்டியை நம்பவேண்டாம். பக்கத்தில் இரும்புக் கேட்டோ தூணோ இருந்தால் அது இழுத்துக்கொள்ளும்.

பலரும் தவறுவது நேரத்தில். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, நிழல் இன்னும் இருக்கிறதே என்று கலைந்துவிடுவார்கள். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டைக் கொண்டது. வேலூர் அதற்கு மேற்கே 79.1இல் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம், ஆக 13 நிமிடத்துக்கு மேல் தாமதம். ஆகஸ்டில் சூரியனே இன்னும் நான்கு நிமிடம் பின்தங்கும். எனவே உச்சி 12:17க்கு. ஏப்ரலில் என்றால் 12:12. திருப்பத்தூருக்கு இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். 11:50இல் தொடங்கி 12:40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் முனையைக் குறிக்கவேண்டும். இருவர் இருவராக மாற்றிவிடுங்கள், அந்த வெயிலில் எல்லோரையும் நிற்கவைப்பது வீண். சூரியனை நேரே பார்க்கக்கூடாது என்பதை முன்பே சொல்லிவையுங்கள்.

முனை மங்கலாகத்தான் விழும். சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலம் கொண்டது. ஆகவே அடர்நிழல் முடியும் இடத்துக்கும் வெளிர்நிழல் முடியும் இடத்துக்கும் நடுவைக் குறியுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இதைவிட எளிது சில்வர் டம்ளர். வாய் அகன்ற டம்ளரை மட்டமான பலகையில் நிமிர்த்தி வைத்தால், சரியான நேரத்தில் அடியைச் சுற்றி ஒரே அகலத்தில் நிழல்வளையம் விழும்.

குழாயைப் பிடுங்கிவிடாதீர்கள். உச்சிநிழலை ஆண்டு முழுதும் அளந்தால், டிசம்பர் 21இல் வடக்கே 74 சென்டிமீட்டர் வரும், மார்ச் 21இல் வடக்கே 23, ஜூன் 21இல் தெற்கே 18 முதல் 19. தெற்கே விழுவதைப் பெரியவர்களே நம்பமாட்டார்கள். டிசம்பரிலும் ஜூனிலும் இரண்டு நாள் தவறினாலும் அளவு மாறாது. மார்ச்சில் நாளுக்கு முக்கால் சென்டிமீட்டர் ஓடும், எனவே தேதியைக் கட்டாயம் எழுதுங்கள்.

பூமியின் சுற்றளவுக்குக் கன்னியாகுமரிப் பக்கத்தில் ஒரு பள்ளி துணை வேண்டும். ஆகஸ்டில் நம் நிழலில்லா நாளன்றே, அவர்கள் ஊர் உச்சி நேரத்தில், அதே ஒரு மீட்டர் குழாய்க்கு அங்கே ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். தாளில் அளவு முக்கோணம் வரைந்து கோணமானி வைத்தால் சுமார் 5 பாகை. இங்கேயும் சில மில்லிமீட்டர் தெற்கே இருந்தால் அந்தக் கோணத்தைக் கழித்துவிடுங்கள். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 535 கி.மீ. சாலைத் தூரத்தைப் போட்டால் விடை ஊதிவிடும். 5 பாகைக்கு 535 கி.மீ. என்றால் பூமியின் முழு வட்டம் 360 பாகை, ஆகவே 360ஐ 5ஆல் வகுத்து 535ஆல் பெருக்கினால் 38,520 கி.மீ.; உண்மை அளவு 40,000ஐ ஒட்டியது. நிழலில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலே விடையில் 4,000 கி.மீ.க்கு மேல் பிசகும். ஆகவே ஐந்து பிள்ளைகள் தனித்தனியாக அளந்து சராசரி எடுக்கட்டும்.