அரிவாளுக்கு முன்னால் நின்றவருக்கு அண்ணா பதக்க மனு எழுதுவது எப்படி?

கலெக்டர் ஆபீஸ் எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவன் நான். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று என்றுதான் என் பிழைப்பு ஓடுகிறது. வீரதீர விருதுக்கு எழுதித் தரச் சொல்லி வருஷத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். வருகிறவரும் "ஜனாதிபதி விருதுக்கு எழுதுங்கண்ணே" என்றுதான் ஆரம்பிப்பார்.

அதனால் முதலில் எதற்கு எழுதுகிறோம் என்று தெளிவாக வேண்டும். கொள்ளைக்காரனை எதிர்த்து நின்றதற்கு நமக்குக் கைக்கெட்டும் விருது, தமிழ்நாடு அரசின் அண்ணா பதக்கம். குடியரசு தினத்தன்று முதலமைச்சர் கையால் தருவார்கள். பொதுமக்களில் மூவர், அரசு ஊழியரில் மூவர். 1 லட்சம் ரூபாய், பதக்கம், சான்றிதழ். வயது வரம்பு இல்லை. பெண்ணாக இருந்தால் சுதந்திர தினத்தில் தரும் கல்பனா சாவ்லா விருதுக்கும் எழுதலாம். அது 5 லட்சம். மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக்கம் என்று ஒன்று உண்டு. அது தண்ணீரில், தீயில், விபத்தில் சிக்கியவரின் உயிரைக் காப்பாற்றியவருக்கானது. சங்கிலி பறிக்க வந்தவனைப் பிடித்துக் கொடுத்ததற்கு அதைக் கேட்டுப் பயனில்லை. கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்ற மத்திய அரசின் வீர விருதுகள் சாதாரண மக்களுக்கும் கிடைக்கும், ஆனால் அரசாங்கம் பரிந்துரைத்துத்தான் போக வேண்டும்.

விருது மனுவின் முதல் வரி என் மேசையில் எழுதப்படுவதில்லை. அது போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்படுகிறது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மளிகைக் கடை அக்காவிடம்.

ராத்திரி ஒன்பதரைக்குக் கடை சாத்துகிற நேரம். பைக்கில் இரண்டு பேர். ஒருத்தன் அரிவாளோடு உள்ளே வந்து கல்லாவில் கை வைத்திருக்கிறான். அக்கா கையில் ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பி. அதை வைத்து மணிக்கட்டில் ஒரே போடு. அரிவாள் அரிசி மூட்டை மேல் விழுந்தது, அவன் ஓடிவிட்டான். நான் குஷியாகி "வேங்கையெனப் பாய்ந்து கொள்ளையரைப் புறமுதுகிடச் செய்த வீரப் பெண்மணி" என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். மனுவை விசாரிக்க வந்தவர் எஃப்.ஐ.ஆரைப் புரட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான்: "நான் சத்தம் போடவே எதிரிகள் தப்பி ஓடிவிட்டனர்." கம்பியும் இல்லை, அடியும் இல்லை. அடித்ததைச் சொன்னால் நம் மேலேயே கேஸ் போட்டுவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தியதில் அக்கா அதை விழுங்கிவிட்டிருக்கிறார். மனு அதோடு படுத்துவிட்டது.

ஆகவே புகார் கொடுக்கும்போதே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவைதான். உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையான அளவுக்கு அடிப்பது குற்றமில்லை. ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்துக் கட்டிவைத்து உதைத்தால் அது வேறு கதை. புகாரில் ஏதாவது விட்டுப்போயிருந்தால், விசாரணை அதிகாரி வாக்குமூலம் வாங்கும்போது சொல்லிப் பதியச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது கேமரா. 2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் ஒரு வயதான தம்பதி பிளாஸ்டிக் நாற்காலியையும் செருப்பையும் வீசியே அரிவாளோடு வந்த இருவரை விரட்டினார்களே, அவர்களுக்கு நாலே நாளில் சுதந்திர தின மேடையில் சிறப்பு விருது, 2 லட்சம் ரூபாய். வீட்டுக் கேமராவில் பதிவானதை நாடே பார்த்திருந்தது. உங்கள் தெருவிலும் கேமரா இருந்தால் மறுநாளே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். கேமரா படத்தைச் சேமிக்கிற டி.வி.ஆர். பெட்டியில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

இனி தகுதியுரை, அதாவது விருதுக்கு ஏன் தகுதி என்று நடந்ததை விவரிக்கும் பகுதி. நான் இப்போது எழுதுகிற விதம் இது: "இரவு 9.30 மணி. கடையில் நான் தனியாக இருந்தேன். இருவர் வந்தனர். ஒருவர் கையில் சுமார் இரண்டடி நீள அரிவாள். அவர் எனக்கு மூன்றடி தூரத்தில் நின்றார். ஷட்டர் கம்பியால் அவரது வலது மணிக்கட்டில் ஒருமுறை அடித்தேன்." மணி, தூரம், ஆயுதம், யார் யார் இருந்தார்கள், காயம், போன பொருள். வேங்கை, சிங்கம் எல்லாம் மேடைக்கு. சங்கிலி பறிபோயிருந்தாலும் மறைக்காதீர்கள்; பொருள் போனதால் துணிச்சல் குறைந்துவிடாது.

விண்ணப்பம் அரசின் விருதுகளுக்கான இணையதளத்தில். அண்ணா பதக்கத்துக்குக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் நடுவில் வரும். அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார், போட்டோ, எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, பேப்பர் கட்டிங் ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டிங்கில் தேதி தெரிய வேண்டும், பத்திரிகைப் பெயரும் தெரிய வேண்டும். ஓரத்தை நறுக்கிவிட்டுக் கொண்டுவந்து என் உயிரை வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

அதன் பிறகு விசாரணைக்கு ஆள் வரும். டீ வாங்கிக் கொடுங்கள், அதற்கு மேல் எதுவும் கொடுக்க வேண்டாம். கம்பியைக் கேட்டால் எடுத்துக் காட்டுங்கள். எத்தனை அடி அடித்தாய் என்று கேட்டால், ஒன்று என்றால் ஒன்று.