கிணற்றுக்கும் கடலுக்கும் ஒரே வாட்ச்: காசு வீணாகாமல் டைவர் வாங்குவது எப்படி?

கொங்கு நாட்டில் கடல் இல்லை. ஆனால் கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறவர்கள் உண்டு, கொடிவேரியில் நாள் முழுக்க ஊறுகிறவர்கள் உண்டு, அடைமழையில் பைக்கில் திருப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. லீவு போட்டு அந்தமானில் ஸ்கூபா பழகிவிட்டு வருகிறவர்களும் உண்டு. இத்தனை பேருக்கும் டைவர், அதாவது நீருக்குள் முங்குகிறவர்களுக்கென்று செய்த வாட்ச், 200 மீட்டரில் ஒன்று தாராளம். ஸ்கூபாவின் முதல் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லையே 40 மீட்டர்தான். 300, 500 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

எண்ணைவிட எழுத்தைப் பாருங்கள். டயலில் வெறும் ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று இருக்கிறதா, ‘டைவர்ஸ்’ என்று இருக்கிறதா? டைவர் வாட்சுக்கான சர்வதேச விதியான ஐஎஸ்ஓ 6425க்குள் வரும் வாட்சில்தான் ‘டைவர்ஸ்’ என்று போடுவார்கள். அந்த விதிப்படி ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியே, எழுதிய அளவைவிடக் கால் பங்கு அதிக அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். சாதா வாட்டர் ரெசிஸ்ட் வாட்சுகளில் சாம்பிள் எடுத்துச் சோதித்தால் போதும். 30 மீட்டர் என்று போட்ட வாட்ச் கை கழுவவும் சாரல் மழைக்கும்தான், கிணற்றுக்கு ஆகாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சீக்கோவின் பழைய எஸ்கேஎக்ஸ்007 அசல் 200 மீட்டர் டைவர். 2019இல் அதே முகச்சாயலில் வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் 100 மீட்டர்தான், பக்கவாட்டில் நேரம் வைக்கும் கீயும் திருகி மூடுவதில்லை. குளிக்க, நீந்தப் பரவாயில்லை. ஆனால் டைவர் விலை பேசி அதை வாங்காதீர்கள்.

எதை வாங்கலாம்? பத்தாயிரத்துக்குள் என்றால் கேசியோ டியூரோ: 200 மீட்டர், திருகும் கீ, டயலைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் சுற்றும் வளையம், செல் ஏறக்குறைய மூன்று வருடம் வரும். ‘டைவர்ஸ்’ முத்திரை இல்லை, கண்ணாடியும் மினரல்தான், கீறல் விழும். தோட்ட வேலைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அதற்கு மேலே போனால் எங்கள் முதல் தேர்வு சிட்டிசன் புரோமாஸ்டர் ஈகோ-டிரைவ், பிஎன்0150 வரிசை. முத்திரை உள்ள 200 மீட்டர் டைவர், வெளிச்சத்தில் ஓடுவது. செல் மாற்ற அடிக்கடி பின்மூடியைத் திறக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய லாபம், ஏனென்றால் தண்ணீர் புகும் வாட்சுகளில் பல, மூடியைத் திறந்து சரியாக மூடாதவை. முழு சார்ஜில் ஆறு மாதம் ஓடும். விநாடி முள் இரண்டிரண்டு விநாடியாகத் தாவினால் பசிக்கிறது என்று அர்த்தம், வெயிலில் வையுங்கள். பீரோவுக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

செல் இல்லாமல் கை அசைவில் ஓடும் ஆட்டோமேடிக்தான் வேண்டும் என்றால் ஓரியன்ட் கமாசு. 200 மீட்டர், எளிதில் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி, முத்திரை கிடையாது. முத்திரையும் வேண்டுமென்றால் சீக்கோ புரோஸ்பெக்ஸ் டர்ட்டில். 45 மி.மீ. என்றதும் பயப்பட வேண்டாம், பட்டை மாட்டும் காது குட்டை என்பதால் சிறிய மணிக்கட்டிலும் உட்காரும். அதே மாடலில் ஸ்கூபா பயிற்சி அமைப்பான ‘பாடி’யின் எழுத்துப் போட்ட பதிப்பு விலை கூட இருக்கும்; உள்ளே மெஷின் ஒன்றுதான். இந்த 4ஆர்36 மெஷின் நாளுக்கு 45 விநாடி கூடவோ 35 விநாடி குறையவோ ஓடினால்கூடக் கம்பெனிக் கணக்கில் சரிதான். நேரம் துல்லியமாக வேண்டுகிறவர்கள் மேலே சொன்ன சிட்டிசனுக்குப் போய்விடுங்கள்.

ஆட்டோமேடிக் வாங்குகிறவர்களுக்குக் கோவைக்காகவே ஒரு எச்சரிக்கை. மோட்டார் வைண்டிங் கடை, பம்ப் செட் கம்பெனி, ஸ்பீக்கர் வேலை என்று காந்தத்தோடு புழங்கினால் மெஷினுக்குள் மயிரிழை ஸ்பிரிங்கில் காந்தம் ஏறி அதன் சுருள்கள் ஒட்டிக்கொள்ளும். வாட்ச் திடீரென்று நாளுக்கு நிமிடக்கணக்கில் முந்தும். மெஷின் கெட்டுவிட்டதென்று சர்வீசுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்குமுன், காந்தம் எடுக்கச் சொல்லுங்கள். நொடியில் முடிகிற வேலை.

கடையில் வாட்சைக் கையில் வாங்கியதும் மெதுவாகப் பாருங்கள். வளையத்தின் முக்கோணம் 12இன் நேர்மேலே நிற்கிறதா? உள் விளிம்பின் நிமிடக் கோடுகளும் அதே நேரில் வருகின்றனவா? சீக்கோவில் இந்தக் கோணல் அடிக்கடி பேசப்படும் விஷயம், விலை கூடிய மாடலிலும் வரும். “அண்ணா, இதே மாடல்ல இன்னொன்னு எடுங்” என்று தயங்காமல் கேளுங்கள். வளையம் இடப்பக்கம் மட்டும் சுற்ற வேண்டும். வலப்பக்கம் கொஞ்சமும் நகரக்கூடாது. காரணம் இருக்கிறது: தவறி இடிபட்டுச் சுற்றினாலும், கழிந்த நேரம் அதிகமாகத்தான் காட்டும், முங்கியவர் முன்னதாகவே மேலே வந்துவிடுவார். மும்முனைக் கரண்டில் பாத்திக்கு இருபது நிமிடம் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கும் இதே வளையம்தான். முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

பிறகு கீ. முழுக்க அவிழ்த்து, திரும்ப மூடிப் பாருங்கள். லேசாக அழுத்தி முதலில் எதிர்ப்பக்கம் கால் சுற்று சுற்றினால் புரி உட்காருவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு முடுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் முடுக்கினால் புரி கோணலாக ஏறிக்கொள்ளும். அப்புறம் அந்த வாட்ச் தண்ணீருக்கு லாயக்கில்லை. மொபைல் டார்ச்சை அரை நிமிடம் டயலில் காட்டி, கைக்குள் பொத்தி இருட்டாக்கி, முள் எல்லாம் ஒரே மாதிரி ஒளிர்கிறதா என்றும் பாருங்கள்.

பழையது வாங்கினால் சீக்கோவின் பின்மூடியில் ஆறு இலக்கம் படியுங்கள். முதல் இலக்கம் தயாரித்த வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்குச் சைபர், நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. விற்கிறவர் சொல்லும் வருடத்தோடு இது ஒத்துவராவிட்டால் மூடி வேறு வாட்சினுடையதாக இருக்கலாம். பழைய எஸ்கேஎக்ஸ் என்று விற்கப்படுபவற்றில் டயல், வளையம் மாற்றிய ஒட்டு வாட்சுகள் ஏராளம். பளபளவென்று புதுப்பெயின்ட் டயல் இருந்தால் விலகிக்கொள்ளுங்கள்.

புது வாட்சுக்கு ஜிஎஸ்டி பில், முத்திரை குத்திய வாரன்டி கார்டு இரண்டும் வாங்குங்கள். சில ஆயிரம் குறைவு என்று வெளிநாட்டு வழியாக வரும் சரக்குக்கு இந்தியாவில் கம்பெனி வாரன்டி கிடைக்காமல் போகலாம்.

வாங்கிய பிறகு கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வாஷர்தான். வெந்நீர், ஷாம்பு, சாயப்பட்டறையின் ஆசிட், பிளீச் எல்லாம் ரப்பரைத் தின்னும். செல் மாற்றும்போதெல்லாம் மூடி வாஷரும் மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவி, பிரஷர் டெஸ்ட் செய்து தரச் சொல்லுங்கள். டெஸ்ட் மெஷின் இல்லாத கடையில் டைவர் மூடியைத் திறக்கவே விடாதீர்கள். கடலிலோ குளோரின் குளத்திலோ இறங்கினால் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். ஆட்டோமேடிக்கில் இரவு 9 முதல் அதிகாலை 4 வரை தேதியைத் திருப்பக்கூடாது, உள்ளே சக்கரத்தின் பல் உடையும்.

சந்தேகம் வந்தால், வெதுவெதுப்பான வாட்சின் கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். உள்பக்கம் பனி படிந்து நின்றால் ஈரம் புகுந்துவிட்டது. போனைப் போல அரிசி டப்பாவுக்குள் புதைக்காமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நாள் தள்ளினால் துரு பிடிக்க ஆரம்பித்துவிடும்.