கண்ணாடியில் படிந்த தூசியை லேசர் ஒளியால் அளப்பவர்கள் விடும் பிழைகள்

கண்ணாடித் தகட்டில் லேசரை அடித்து, மேலே படிந்த துகள்கள் சிதறடிக்கும் ஒளியைக் கமராவால் அளப்பதுதான் எங்கள் வேலை. போன கிழமை ஒரு தம்பி ஓடி வந்தான். "அண்ணா, கழுவினது சரிவந்திட்டுது. துகள் எல்லாம் குறைஞ்சிட்டுது." எப்ப அளந்தனி என்று கேட்டேன். கழுவுமுன் காலையில், யன்னல் திறந்தபடி. கழுவியபின் மத்தியானம், ஏசி போட்டு. நான் எட்டு வருடத்துக்கு முன் விட்ட அதே பிழை. கையுறை போடுவது, தகட்டின்மேல் மூச்சு விடாமல் இருப்பது எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

ஈரப்பதத்தைக் குறிக்காமல் அளப்பது

திருகோணமலையில் வாடைக்காற்றுக் காலத்தில் யன்னலோரக் கண்ணாடி எதிலும் கடல் உப்பு படியும். காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் நீரை இழுத்துக் கரைந்து துளியாகிவிடும். காற்றில் மிதக்கும் துகள் என்றால், 80 வீதத்தில் அதன் விட்டம் உலர்ந்த துகளைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. துளி பெருக்க, சிதறும் ஒளியும் கூடும். ஏசி அறையில் நீர் போய்ச் சுருங்கும், ஒளியும் குறையும். உப்போ இருந்த இடத்திலேயே இருக்கும்.

இது புரியாமல் 40 கண்ணாடிகளைத் துப்புரவு என்று எழுதி அலுமினியப் பூச்சுக்கு அனுப்பினேன். ஒரு மாதத்தில் பூச்சு புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிட்டது. அத்தனையையும் உரித்து, கழுவி, மறுபடி பூசினோம், செலவு என் கையால். ஈரப்பதமானி அதே மேசையில்தான் இருந்தது. திரும்பிப் பார்க்காததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இப்போது தகடுகள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பெட்டியில் ஓரிரவு இருந்தபின்தான் அளவை. கழுவுமுன்னும் அப்படி, கழுவியபின்னும் அப்படி. சந்தேகம் வந்தால் நுணுக்குக்காட்டியில் பாருங்கள்: காய்ந்த உப்பு பெரும்பாலும் சதுரமாகத் தெரியும்.

திரையில் வரும் எண்ணை உண்மைப் பருமன் என்று நம்புவது

இந்தக் கருவிகளைப் பெரும்பாலும் பருமன் தெரிந்த பாலிஸ்டைரீன் (ஒருவகை பிளாஸ்டிக்) உருண்டைகளைக் கொண்டே அளவுதிருத்துகிறார்கள். 0.5 மைக்ரோமீட்டர் என்று வந்தால், அந்தப் பருமனுள்ள பாலிஸ்டைரீன் உருண்டை சிதறடிக்கும் அளவு ஒளி வருகிறது என்று மட்டுமே பொருள். சிதறும் ஒளி, பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண்ணையும் பொறுத்தது: பாலிஸ்டைரீனுக்கு 1.59, உப்புக்கு 1.54, சிலிக்காவுக்கு 1.46. கச்சான் (தென்மேற்கு) காற்று கொண்டுவரும் மண்தூசியும் வாடை தரும் உப்பும் ஒரே பருமனாக இருந்தாலும் வேறு எண் காட்டலாம்.

64 மடங்கு விதி

விட்டம் இரட்டித்தால் ஒளி 64 மடங்கு என்பது அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளுக்கு மட்டும். 532 நானோமீட்டர் பச்சை லேசரில் அரை மைக்ரோமீட்டர் உப்பு அதற்குள் அடங்காது.

லேசரை நேராக அடிப்பது

சரித்து அடியுங்கள். தெறிக்கும் ஒளி கமராவுக்குள் போகக்கூடாது.

வெற்றுத் தகடு

ஒவ்வொரு நாளும் முதலில் அளப்பது தூசியில்லாத அந்தத் தகட்டைத்தான்.